விட்டுச் செல்வதும் ஒரு தருமமே

சேக்கிழார் பெருமான் அருளிய திருத்தொண்டர் புராணத்தின் தொடக்கப் பகுதியிலேயே ஓர் ஓலை வழக்கு வருகின்றது. புத்தூரிலே மணக்கோலத்தில் அமர்ந்திருந்த நம்பியாரூரர் முன் முதியவர் ஒருவர் தோன்றி, அவர் தமக்கு அடிமை என்றும், அவருடைய பாட்டனார் எழுதிக் கொடுத்த ஓலை தம்மிடம் உண்டு என்றும் வழக்காடுகின்றார். கோபங்கொண்ட நம்பியாரூரர் அந்த ஓலையைப் பறித்துக் கிழித்து விடுகின்றார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குச் செல்கின்றது. கிழிக்கப்பட்டது படியோலை, மூல ஓலை இன்னும் தம்மிடம் உள்ளது என்று முதியவர் எடுத்து நீட்டுகின்றார். அவையோர் அதனை வாசித்து, சாட்சிகளின் கையெழுத்தைப் பார்த்து, பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையுடன் எழுத்தை ஒப்புநோக்கி, வழக்கு முதியவருக்கே வெற்றி என்று தீர்ப்பளிக்கின்றனர். வந்தவர் சிவபெருமான் என்பதைச் சைவ உலகம் அறியும்.

பத்திச் சுவையோடு கேட்கப்படும் இந்த வரலாற்றினுள்ளே உலகியலுக்கு வேண்டிய இரண்டு உண்மைகள் உள்ளன. பெரியவர் ஒருவர் மனமறிந்து கொடுத்த வாக்கு, அவர் மறைந்த பின்னரும் பேரனைக் கட்டுப்படுத்துகின்றது என்பது ஒன்று. அந்த வாக்கு எழுத்தில், சாட்சியுடன், மூலப்பிரதி பேணப்பட்டு இருந்தமையாலேயே அவையில் நிலைத்தது என்பது மற்றொன்று. இறைவனே ஓலையுடன் வந்து வழக்காடினான் என்றால், மனிதர் தம் சொத்துக்களையும் வாக்குகளையும் வாய்ப்பேச்சில் விட்டுச் செல்வது எவ்வளவு பொருந்தும் என்பது சிந்திக்கத் தக்கது.

பற்று அறுத்தலும் பொறுப்பு விடுதலும்

கிராமங்களிலே மரணசாதனம் என்ற சொல்லைக் கேட்டாலே பலர் முகம் சுளிப்பர். "சாவைப் பற்றி இப்பவே ஏன் கதைப்பான்?" என்பார் சிலர். "எல்லாம் அவன் செயல், நடக்கிறபடி நடக்கட்டும்" என்பார் வேறு சிலர். இன்னுஞ் சிலர், வயது போன காலத்தில் காணி பூமியை எண்ணுவது பற்று, அதை மறந்திருப்பதே ஞானம் என்று சொல்வர். கேட்பதற்கு இது உயர்ந்த பேச்சாகத் தோன்றும். ஆயினும் ஒரு கேள்வி எழுகின்றது. பற்றை விடுவதும் பொறுப்பை விடுவதும் ஒன்றா?

உடம்பு, கருவிகள், உலகம், நுகர்பொருள்கள் ஆகிய நான்கும் உயிர்களுக்கு இறைவனால் கொடுக்கப்பட்டவை என்பது சைவ சித்தாந்தம். தனு, கரண, புவன, போகம் என்று பெரியோர் இவற்றைக் கூறுவர். கொடுக்கப்பட்ட பொருளுக்குக் கொண்டவன் உடையவன் அல்லன். அவன் வைத்திருப்பவன் மாத்திரமே. ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளை அவர் எவ்வாறு கருத வேண்டும் என்பதை அமர்நீதி நாயனார் வரலாறு காட்டுகின்றது. பத்திரமாக வைத்திருக்கும்படி ஒப்படைக்கப்பட்ட ஒரு கோவணம் காணாமற் போனபோது, அதற்கு ஈடாகத் தம் செல்வம் முழுவதையும் தராசில் இட்டும் போதாமல், ஈற்றில் மனைவி மைந்தருடன் தாமும் தராசில் ஏறினார் அந்த வணிகர். ஒரு கோவணம் அத்தனை பாரமானது என்றால், ஒரு வீடும் வளவும் ஒருவர் கையில் ஒப்படைக்கப்பட்டிருப்பது எத்தனை பாரமானது!

ஆலயத் தருமகர்த்தா ஒருவர் ஆலயக் காணியைத் தமது என்று சொல்வதில்லை. கணக்கு வைத்திருந்து, அடுத்து வருபவரிடம் ஒழுங்காகக் கையளிப்பது அவர் கடமை. கையளிக்காமல் சாவிக்கொத்தோடு மறைந்து விட்டால், அவரைப் பற்றற்றவர் என்று ஊர் புகழாது. ஒவ்வொரு குடும்பத் தலைவரும் தலைவியும் தம் வீட்டுக்கு ஒரு தருமகர்த்தாவே ஆவர். தம்மிடம் இருப்பதை யாரிடம், எவ்வாறு, என்ன காரணத்துக்காகக் கையளிப்பது என்று காலத்தில் தீர்மானிப்பது பற்றின் அடையாளம் அன்று. அதுவே பற்றை விடுவதன் முதற்படி.

முன்னோர் வகுத்த பாகுபாடு

யாழ்ப்பாணத் தமிழரின் தேசவழமை இதனை வேறொரு வகையில் உணர்த்துகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில், தேசாதிபதி சிமன்ஸ் அவர்களின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இவ்வழமைகளைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் ஒப்படைத்தார். பன்னிரண்டு முதலியார்கள் அதனைப் பரிசீலித்தனர். பின்னர் ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர். சொத்துரிமை பற்றிய பல விதிகள் 1911ஆம் ஆண்டிலும் 1947ஆம் ஆண்டிலும் மாற்றங்கண்டன.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று சொத்துக்களை அவ்வழமை பிரித்துப் பார்த்தது. முன்னோரிடமிருந்து வந்தது முதுசம். பெண்ணுக்குக் கலியாணத்தின்போது கொடுக்கப்படுவது சீதனம். மணவாழ்க்கையில் கணவனும் மனைவியும் தேடிக்கொண்டது தேடியதேட்டம். இந்தப் பாகுபாட்டினுள்ளே ஓர் அறம் இருக்கின்றது. ஒருவர் கையில் உள்ளது எல்லாம் ஒரே வகையானது அன்று. சில அவர் உழைப்பால் வந்தவை, சில அவர் ஊடாகச் செல்பவை, சிலவற்றில் வாழ்க்கைத் துணையின் வியர்வையும் கலந்திருக்கின்றது. "எல்லாம் என் உழைப்பு" என்று சொல்லுமுன், அதில் எவ்வளவு முதுசம், எவ்வளவு மனைவியின் நகை, எவ்வளவு அண்ணனின் உதவி என்று பார்க்க வேண்டும் என்பதை அச்சொற்களே நினைவூட்டுகின்றன.

மறுபுறத்தில், 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மரணசாதனக் கட்டளைச் சட்டம், ஒருவர் தம் சொத்தைத் தாம் விரும்பிய எவருக்கும் மரணசாதனம் மூலம் எழுதலாம் என்ற சுதந்திரத்தை இலங்கையில் வழங்கிற்று. பெற்ற பிள்ளையைக் கூட விலக்கி எழுத அது இடமளிக்கின்றது. சட்டம் கைகளை அவிழ்த்து விட்ட இடத்தில் மனச்சாட்சியின் வேலை கூடுகின்றது. எழுதலாமா என்பதற்குச் சட்டம் விடை சொல்லும். எழுதத் தகுமா என்பதற்கு எழுதுபவரே விடை சொல்ல வேண்டும்.

மூன்று வழிகள்

சொத்தைக் கையளிப்பதற்குப் பொதுவாக மூன்று வழிகள் உள்ளன. முதலாவது மரணசாதனம். எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அதற்குச் செயல் இல்லை. அவர் எந்நேரமும் அதனை மாற்றலாம், நீக்கலாம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டத்தின்படி அது எழுத்தில் இருத்தல் வேண்டும். பிரசித்த நொத்தாரிசு ஒருவரும் இரண்டு சாட்சிகளும் ஒருசேர இருக்கையில் அதன் முடிவில் கையொப்பமிடப்படல் வேண்டும். நொத்தாரிசு இல்லாவிடில் ஐந்து சாட்சிகள் வேண்டும். பயன் பெறப் போகிறவர் சாட்சியாக நில்லாதிருப்பதே நல்லது. மரணத்தின் பின் அதனை நிறைவேற்றுவதற்கு நம்பிக்கையான ஒருவரை அதிலேயே பெயர் குறிப்பிடலாம்.

இரண்டாவது நன்கொடை உறுதி. இது எழுதிய நாளிலிருந்தே செயற்படும். பெறுபவர் அதனை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். வீட்டைப் பிள்ளைக்கு எழுதும் பெற்றோர் தமக்குச் சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதுவது ஊர் வழக்கம். அது நல்ல வழக்கம். அவ்வாறு எழுதினால் உயிருள்ளவரை அவ்வீட்டில் இருக்கும் உரிமை பெற்றோருக்கு நிலைக்கும்.

மூன்றாவது நம்பிக்கைப் பொறுப்பு. ஊரில் தருமசாதனம் என்று சொல்லப்படுவது இதன்பாற் படும். காணி ஒருவர் பெயரில் இருக்கும். அதன் பயன் வேறொருவருக்கோ ஒரு தருமத்துக்கோ சேரும். காணி பற்றிய நம்பிக்கைப் பொறுப்பு, நொத்தாரிசு முன் எழுதிய உறுதியாலோ மரணசாதனத்தாலோ ஏற்படுத்தப்பட வேண்டும் என்று 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. தம் காலத்துக்குப் பின் தாமாக வாழ இயலாத பிள்ளை ஒன்றை உடைய பெற்றோர், இந்த மூன்றாவது வழியைச் சட்டத்தரணி ஒருவருடன் கலந்து ஆராய்வது மிகவும் அவசியம்.

வெளிநாடு போகிறவர்கள் எழுதிக் கொடுக்கும் அற்றோர்ணித் தத்துவத்தை இவற்றோடு சேர்த்து எண்ணுதல் கூடாது. கொடுத்தவர் மறைந்தால் அதுவும் மறைந்து விடும்.

சமமும் நீதியும்

வழியை அறிவது எளிது. யாருக்கு எவ்வளவு என்பதே கடினம். ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். ஒரு தாய்க்கு மூன்று பிள்ளைகள். மூத்த மகன் கனடாவில், இளைய மகன் இலண்டனில். நடுவில் பிறந்த மகள் ஊரிலேயே தங்கி, தாயைக் குளிக்க வார்ப்பதிலிருந்து மருந்து கொடுப்பது வரை பத்து வருடங்களாகப் பார்த்து வருகின்றாள். இருப்பதோ ஒரு வீடும் வளவும். மூன்றாகப் பிரிப்பது சமம். ஆனால் அது நீதியா?

வீடு மகளுக்கே என்று உடனே சொல்லத் தோன்றும். ஆயினும் மறுபக்கமும் உண்டு. அந்த வீட்டின் கூரை மூத்தவன் பனியில் நின்று உழைத்து அனுப்பிய காசு. தங்கையின் கலியாணத்துக்குப் பட்ட கடனை அடைத்தவன் அவன். அவன் வராமல் இருந்தது அன்பின்மையால் அன்று. விசா இல்லாமலும், போர்க்காலத்துப் பயத்தாலும், பிள்ளைகளின் படிப்பாலும் வர முடியாமற் போனது. அவனுக்கு அந்த வளவு தேவையில்லை; ஆனால் அம்மா தன்னை மறந்துவிடவில்லை என்ற ஒரு சொல் தேவை.

இங்கே ஓர் உண்மை தெளிவாகின்றது. சகோதரர் பிரிவது பங்கு குறைந்ததால் மட்டுமன்று, காரணம் சொல்லப்படாததாலும் பிரிகின்றனர். மூன்று பிள்ளைகளும் அறியத் தாய் தன் வாயால், "வீடு அவளுக்கு. நீங்கள் செய்ததை நான் மறக்கவில்லை" என்று சொல்லி எழுதினால், அநேகமாக ஆண்மக்களே முதலில் சம்மதிப்பர். அதே முடிவு அந்தியேட்டி முடிந்த பின் பெட்டியிலிருந்து ஒரு கடதாசியாக வெளிவந்தால், மகள் தாயை மயக்கி எழுதுவித்தாள் என்ற பழி அவளைச் சேரும். பத்து வருடத் தொண்டு ஒரு நாளில் சூழ்ச்சி ஆகிவிடும். ஆகவே சமமில்லாத பங்கு தவறன்று. சொல்லப்படாத பங்கே தவறு.

மரணசாதனத்தைக் கோலாகப் பிடித்துப் பிள்ளைகளை வெருட்டுவதும் தகாது. "என்னைப் பார்த்தால்தான் தருவேன்" என்று சொல்லும் வீட்டில் பார்ப்பது பணிவிடையாக இராது, கூலியாகிவிடும். அதுபோலவே, இறந்த பின்னும் ஆள நினைப்பதும் தகாது. இன்னாரை முடித்தால் பங்கு இல்லை, தலைமுறை தலைமுறையாக விற்கக்கூடாது என்று கட்டி வைக்கும் ஆசை பலருக்கு உண்டு. தலைமுறைகள் தோறும் காணியைக் கட்டி வைக்கும் பழைய முறையை 1972ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இலங்கையில் ஒழித்தது. வாழ்கின்றவர் பாரத்தை வாழ்கின்றவரே சுமக்க விடுவது தான் கையளித்தல்.

எல்லாவற்றையும் முற்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு மூலையில் ஒதுக்கப்பட்ட பெற்றோரும் உளர். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று விதித்தது. மிகக் கொடிய நன்றிகேடு காட்டியவருக்குக் கொடுத்த காணியை நீதிமன்றத்தின் மூலம் மீளப் பெறுவதற்கு 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வழி கூறுகின்றது. நன்றிகேட்டைப் பற்றி ஒரு சட்டமே இயற்ற வேண்டி வந்தமை வருந்தத் தக்கது. வழக்கில் வென்றால் காணி திரும்பி வரும். அன்பு திரும்பி வராது. சீவிய உருத்தை வைத்துக்கொண்டு எழுதுவது பிள்ளைகள் மீதுள்ள சந்தேகத்தால் அன்று. அவர்களைப் பழியிலிருந்து காக்கும் முன்யோசனையால்.

இறைவனுக்கு நேர்ந்த காணி

ஆலயங்களைச் சூழ எழும் கேள்வி இன்னொன்று. "தெற்கு வயல் பிள்ளையாருக்கு" என்று தந்தை ஒருவர் பலமுறை சொல்லியிருக்கின்றார், எழுதவில்லை. அவர் காலமானார். அந்த வயலை மகன் கொடுக்கத்தான் வேண்டுமா? சட்டம் அவனை அநேகமாகக் கட்டாயப்படுத்தாது. ஆனால் திருவெண்ணெய்நல்லூர் அவையில் பேரனைக் கட்டியது பாட்டன் மனமறிந்து கொடுத்த வாக்கு. தந்தை உண்மையாகவே நேர்ந்தார் என்று அறிந்த மகன், எழுத்தில்லை என்பதை ஒரு வாசலாகப் பயன்படுத்தித் தப்பினால், ஊர் அறியாவிட்டாலும் அவன் நெஞ்சு அறியும். அதேவேளை, மகனை அந்தச் சோதனைக்குள் தள்ளியது எழுதாமல் விட்ட தந்தையின் குறையும் ஆகும்.

கொடுப்பவரும் சிந்திக்க வேண்டும். மனைவிக்கு இருக்க இடமில்லாமலும், மணமாகாத மகளுக்கு வழியில்லாமலும், உள்ளது முழுவதையும் ஆலயத்துக்கு எழுதுவது பெரும் புண்ணியம் என்று சிலர் எண்ணுவர். அமர்நீதியார் தம் மனைவியையும் மைந்தரையும் தராசில் ஏற்றித் தாம் மட்டும் வெளியே நிற்கவில்லை; அவர்களோடு தாமும் ஏறினார். பிறருக்கு உரியதை இறைவனுக்குக் கொடுப்பது கொடையாகாது, கடனைக் கொடுக்காமல் காணிக்கை போடுவது போலாகும். தம் பங்கு எதுவென்று அறிந்து, அதிலிருந்து ஒரு பரப்பைக் கொடுத்தாலும் அது விளக்கெரிக்கும்.

பெறுகின்ற ஆலயத்தாருக்கும் கடமை உண்டு. யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியார் பலர் ஊர்க் கோயில்களுக்கும், கடல் கடந்து சிதம்பரத்திலுள்ள மடங்களுக்கும் காணிகளைத் தருமசாதனம் செய்தனர். எழுதியவர் நோக்கம் நிறைவேறுகிறதா என்பது பொறுப்பில் இருப்பவரின் நேர்மையில் தங்கியது. வழிபடும் அடியார் ஐவர் சேர்ந்தால், ஆலயத் தருமச் சொத்து முறையாக நிருவகிக்கப்படாவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாட 1917ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்துள்ளது. முறையான எழுத்து இல்லாவிடினும், எல்லாச் சூழ்நிலைகளையும் நோக்கி ஒரு தருமம் உண்மையில் உள்ளது என்று நீதிமன்றம் கொள்ளவும் அச்சட்டம் இடந்தருகின்றது. ஆயினும் வழக்கில் நிரூபிக்க வேண்டிய நிலை வராமல், ஆண்டுதோறும் கணக்கைச் சபை முன் வைப்பதே ஆலயத்துக்கு அழகு.

இடம்பெயர்ந்த ஊர்களின் பாடம்

போரும் இடப்பெயர்வும் இந்த மண்ணுக்கு ஒரு கசப்பான பாடத்தைத் தந்தன. வீடுகளோடு உறுதிகளும் எரிந்தன. எல்லை அறிந்த பெரியவர்கள் முகாம்களிலும் அந்நிய நாடுகளிலும் கண் மூடினர். திரும்பி வந்தவர்கள் வேலியின்றி, பற்றை மூடிய வளவுகளைக் கண்டனர். பத்து ஆண்டுகள் தடையின்றி எதிராக ஆண்டு வந்தவருக்கு உரிமை பிறக்கலாம் என்பது 1871ஆம் ஆண்டின் காலாவதிச் சட்டம். போரால் தம் காணிக்கு வர இயலாதவர் அதனால் பாதிக்கப்பட்டமையைக் கருதி, 2016ஆம் ஆண்டில் ஒரு விசேட ஏற்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது.

போர் செய்தது ஒருபுறமிருக்க, எழுதாமல் விட்டமை செய்ததும் உண்டு. எட்டுப் பரப்புக் காணி ஒன்று பிரிக்கப்படாமல் நான்கு பிள்ளைகளுக்குச் சென்று, அவர்கள் ஒவ்வொருவரின் நான்கு பிள்ளைகளுக்கும் சென்றால் 16 பங்கு. அடுத்த தலைமுறையில் 64 பங்கு. ஆளுக்கு ஒன்றேகால் பேர்ச். வீடு கட்ட அது போதாது. விற்பதற்கு 64 பேரின் கையொப்பம் வேண்டும். அவர்களோ ஐந்து நாடுகளில். கடைசியில் அக்காணி எவருக்கும் பயன்படாது பற்றைக்கு உரித்தாகின்றது. கிணற்றுப் பங்கும் வழிப்பாதையும் தீர்க்கப்படாமல் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே திருவிழாவில் எதிரெதிர் வீதியில் நின்று சுவாமி கும்பிடும் காட்சி எந்த ஊருக்கும் புதிதன்று.

ஆகவே செய்ய வேண்டியவை எளியவை. உள்ள உறுதிகளை ஓரிடத்தில் சேர்த்து வைத்தல். தொலைந்த உறுதிக்குக் காணிப் பதிவகத்தில் பிரதி உண்டா என்று தேடுதல். எது முதுசம், எது தேட்டம், யாருக்கு என்ன கடன் என்று ஒரு கொப்பியில் எழுதுதல். கணவனும் மனைவியும் கலந்து பேசுதல். பிள்ளைகள் அறியத் தீர்மானித்தல். பின்னர் நம்பிக்கையான நொத்தாரிசிடம் சென்று முறைப்படி எழுதுதல். புத்தி தெளிவாகவும் கை நடுங்காமலும் இருக்கும்போதே செய்தல். படுக்கையில் பெருவிரல் பிடித்து வைக்கப்படும் கடதாசி, எவ்வளவு நேர்மையானதாயினும், சந்தேகத்தைக் கூடவே கொண்டு வரும்.

கும்பத்தில் ஆவாகனம் செய்த இறைவனை, பூசை முடிந்ததும் முறைப்படி மூர்த்தியில் சேர்க்கின்றார் சிவாச்சாரியார். அதன் பின்னரே கும்பம் வெறுங்கும்பம் ஆகின்றது. மனித வாழ்வும் அத்தகையதே. தன்னிடம் வந்த ஒவ்வொன்றையும் சேர வேண்டிய இடத்தில் சேர்த்தபின் வெறுங்கையோடு நிற்பவனே நிறைவோடு இறைவன் திருவடியை எண்ண முடியும். அடியார்கள் யாவரும் அத்தகைய நிறைவைப் பெறவும், இல்லங்கள் தோறும் உடன்பிறப்புக்கள் ஒற்றுமையாய் ஒரே சந்நிதியில் நின்று வழிபடவும் எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருள் கூடுவதாக.